சினிமாவும் மண்ணும்

சினிமா தமிழரிடையே வேரூன்றிய நாள்தொட்டு அதைக் குறித்து நம்மவர் நடத்திய வாதங்கள் பல. அஃது ஒழுக்கத்தை வளர்க்கிறதா, கெடுக்கிறதா? புராணக் கதைகளையே திரும்பத் திரும்பக் கிளறுவது தகுமா? தோட்டத் தொழிலாளியின் கூலிக் காசைக் கொட்டகைக்காரன் கொண்டு போகலாமா? இவற்றையெல்லாம் மேடையிற் பேசினோம், ஏடுகளில் எழுதினோம். ஆனால் படம் பிடிக்கப்பட்ட இடத்து மண் என்னவாயிற்று, அங்கு நின்ற மரம் என்னவாயிற்று, பிலிம் கழுவிய நீர் எந்தக் கால்வாயில் விழுந்தது என்று கேட்டவர் மிகச் சிலரே. திரையில் காட்டப்படாதது நம் கருத்திலும் படாமற் போயிற்று.

ஆதியில் படப்பிடிப்புக்கு விளக்கு சூரியனே. 1893இல் அமெரிக்காவில் எடிசன் கட்டுவித்த முதற் படக்கூடத்தின் கூரை திறந்து மூடத்தக்கது. வெயில் போகும் திசைக்கு ஏற்பக் கூடத்தையே சுழற்றுவதற்கு அடியில் தண்டவாளம் இட்டிருந்தனர். சென்னையில் மோட்டார் உதிரிப்பாக வியாபாரம் செய்துவந்த நடராஜ முதலியார், தென்னாட்டின் முதல் மௌனப் படமாகிய ‘கீசக வத’த்தை எடுத்ததும் பகல் வெளிச்சத்திலேதான். வெயிலின் கடுமையைத் தணிக்க மேலே வெள்ளைத் துணி கட்டினார், அவ்வளவே. எண்ணெய் எரியவில்லை, புகை எழவில்லை.

இதைக் கொண்டு அக்காலம் மாசற்ற காலம் என்று யாரும் மயங்கவேண்டா. பிலிம் என்பது யாது? பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திக் கற்பூரம் கலந்து செய்த தகடு. அதன்மேல் மாட்டெலும்பும் தோலும் காய்ச்சி எடுத்த பசை. அப்பசையில் வெள்ளி உப்பு. ஜீவகாருண்யம் போதித்த பக்திப் படங்களெல்லாம் மாட்டெலும்புப் பசையின்மேல்தான் ஒளிவிட்டன என்பதை நம் பௌராணிகர்கள் அறிந்திருந்தார்களோ, இல்லையோ! அந்தத் தகடு தீப்பற்றினால் நீரில் அமிழ்த்தினாலும் அணையாது. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் அதனினும் பத்திரமான பிலிம் அதன் இடத்தைப் பிடித்தது. ஓடி முடிந்த படங்களை வெள்ளிக்காக உருக்கி விற்றோரும் உண்டு. இந்திய மௌனப் படங்களுள் மிகச் சிலவே இன்று எஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்று பிலிம் ஏறக்குறைய மறைந்தது. அதனோடு அழுக்கும் போயிற்று என்பார் உளர். அவர்கள் படப்பிடிப்பு நடக்கும் இடத்திற்கு ஒருமுறை சென்று பார்க்கவேண்டும். விளக்குகளுக்கு மின்சாரம் தருவது லாரியின்மேல் உறுமும் டீசல் எந்திரம். நூறு பேர் குடித்தெறிந்த பிளாஸ்டிக் புட்டிகள் ஒருபுறம். ஒருவாரம் நின்று மறுவாரம் உடைபடும் ஒட்டுப்பலகைச் சுவர்கள் மறுபுறம். அந்தப் பலகையின் பிறப்பிடம் நமக்கு அந்நியமன்று. ஹாலிவுட்டில் பொய்ச்சுவர் எழுப்ப நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் மெல்லிய பலகை, நம் நாட்டார் மெராந்தி என்றழைக்கும் மர இனத்தைச் சேர்ந்தது. பிலிப்பைன்ஸ், போர்னியோ முதலிய மழைக்காடுகளில் வளர்வது. பல்லாண்டு வளர்ந்த மரம் சில நாளைக்கு அரண்மனையாக நடித்துவிட்டுக் குப்பைக்குப் போகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் தாங்கள் ஒப்பிட்ட தொழில்களுள் எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கு அடுத்தபடி காற்றைக் கெடுப்பது சினிமாத் தொழிலே என்று கண்டனர். கனவுத் தொழிற்சாலை என்று அதற்குப் பெயர் வைத்தவர், தொழிற்சாலை என்ற சொல்லை அறிந்தே வைத்தார் போலும்.

இனி நம் வாசற்படிக்கு வருவோம். 1998, 1999ஆம் ஆண்டுகளில் ‘இருபதாம் நூற்றாண்டு பாக்ஸ்’ கம்பெனியார் சயாம் நாட்டை நாடி இரண்டு படங்களோடு வந்தனர். ஒன்று ‘அன்னாவும் அரசனும்’. அது தம் அரசரின் கீர்த்திக்கு இழுக்கு என்று தாய்லாந்து சர்க்கார் அனுமதி மறுத்தது. ஆகவே அப்படம் மலேசியாவுக்கு வந்தது. பினாங்கு, ஈப்போ, லங்காவி ஆகிய இடங்களில் பிடிக்கப்பட்டது. மற்றொன்று ‘தி பீச்’. டேனி பாயில் இயக்க, லியோனார்டோ டிகாப்ரியோ நடித்தது. அதற்குத் தாராளமாக அனுமதி கிடைத்தது. அரசரின் கீர்த்திக்குக் காவல் இருந்தது. கடற்கரை மணலுக்குக் காவல் இல்லை.

அந்த மணல் இருந்த இடம் பீ பீ லே தீவின் மாயா விரிகுடா. பினாங்கிலிருந்து வடமேற்கே சுமார் 300 கிலோமீட்டர். 1983இலேயே தேசியப் பூங்காவாக்கப்பட்ட தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தது. இயற்கை அழகுக்காகவே அவ்விடத்தைத் தேர்ந்தவர்களுக்கு, வந்து பார்த்தபின் அவ்வழகு போதவில்லை! மணல்மேடுகளை எந்திரத்தால் தட்டையாக்கினர். மணலைப் பிடித்துவைத்திருந்த கரையோரச் செடிகொடிகளைப் பிடுங்கினர். அவ்விடத்தில் தென்னைகளைக் கொணர்ந்து நட்டனர். வெள்ளையர் கனவுகாணும் கிழக்கத்தியத் தீவில் தென்னை இருந்தே ஆகவேண்டுமல்லவா? படம் முடிந்ததும் தென்னையைப் பெயர்த்துப் பழைய செடிகளைத் திரும்ப வைத்து மூங்கில் வேலி கட்டினர். ஆயினும் வேர் அறுந்த மணல் நிற்குமா? அவ்வாண்டு வந்த பருவக்காற்றில் வேலி சரிந்தது, கரை அரித்தது.

இங்கேதான் சரித்திரம் நமக்கு உதவும் பகுதி தொடங்குகிறது. கிராபி மாகாண ஆட்சியாரும் ஆவோ நாங் சிற்றூராட்சியாரும் வழக்குத் தொடுத்தனர். படக் கம்பெனியை மட்டுமன்று, அனுமதி தந்த வன இலாகாவையும் அமைச்சகத்தையும் சேர்த்தே கூண்டிலேற்றினர். கம்பெனியின் வாதம், ‘குப்பை நிறைந்த கரையை நாங்கள் துப்புரவாக்கிவிட்டே போனோம்’ என்ற போக்கில் அமைந்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் அலைந்தது. 2006இல் உச்சநீதிமன்றம் சேதம் நேர்ந்தது உண்மையே என்ற முடிவை உறுதிசெய்தது. 2019இல் கம்பெனி 1 கோடி பாட் தர இசைந்தது. 2022 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் அந்த இசைவை ஏற்று, ஊர் ஆட்சியாரும் அறிஞரும் அடங்கிய குழுவை வைத்து விரிகுடாவைச் சீர்செய்யுமாறு வன இலாகாவுக்குக் கட்டளையிட்டது. மணலைப் புரட்டச் சில வாரம். கேட்டுப்பெற 23 ஆண்டு!

இதற்கிடையே படம் தன் இரண்டாவது வேலையைச் செய்தது. திரையில் கண்ட கரையை நேரில் காண உலகமே படகேறியது. ஒரே நாளில் 5,000 பேர்வரை அச்சிறு கரையில் இறங்கினர். படகு நங்கூரங்கள் பவளப்பாறையை உடைத்தன. 2018 ஜூன் மாதம் விரிகுடாவை மூடினர். மூன்றாண்டுக்கு மேல் மூடிக்கிடந்தபின் 2022 ஜனவரியில் திறந்தபோது கருந்துடுப்புச் சுறாக்கள் கரையோரம் திரும்பி வந்திருந்தன. இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் வரலாகாது. தீவின் பின்புறம் இறக்கிவிடவேண்டும். படம் பிடித்தவர்கள் செய்த சேதத்தைவிடப் படம் பார்த்தவர்கள் செய்தது பெரிது என்பது என் கருத்து. அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்பது இன்னும் தீராத கேள்வி.

தாய்நாட்டுத் தமிழரும் இதற்கு விலக்கல்லர். 2023 ஏப்ரலில் தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையில், புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடத்தில், ‘கேப்டன் மில்லர்’ படப்பிடிப்பு நடந்தது. வெடியும் பெருவிளக்கும் காட்டுயிர்களைக் கலைக்கின்றன என்று ஊரார் முறையிட்டனர். உரிய அனுமதியில்லை என்று கலெக்டர் அதை நிறுத்தினார். அனுமதி பெற்றபின் மீண்டும் தொடர்ந்தது. இங்கும் வாய் திறந்தவர்கள் ஊரார்தாம்; விசிறிகளல்லர்.

நல்ல முன்மாதிரிகளும் உண்டு. ‘மாட்ரிக்ஸ்’ படத்தின் இரண்டாம், மூன்றாம் பாகங்களுக்காகக் கலிபோர்னியாவில் கட்டிய அமைப்புகளைப் பிரித்தபோது, பொருள்களில் பெரும்பகுதியை மறுபயனுக்கு அனுப்பினர். அந்த மரம் மெக்சிகோவில் ஏழைகளுக்கு வீடாயிற்று. 2011 முதல் பிரிட்டனில் ‘ஆல்பர்ட்’ என்ற அமைப்பு, ஒவ்வொரு படப்பிடிப்பும் எவ்வளவு கரியமில வாயுவை வெளிவிடுகிறதென்று கணக்கிட வழிசெய்து தருகிறது. கணக்கெழுதினால்தான் செலவு தெரியும் என்பது மளிகைக்கடைக்காரரும் அறிந்த நியாயம்.

கெப்பாலா பத்தாஸில் ஹாலிவுட்டார் வந்து இறங்கப் போவதில்லை என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் கேமரா இன்று கம்பெனியாரிடம் மட்டுமா இருக்கிறது? கல்யாணத்திற்கு முன்பே மணமக்களை அலங்கரித்து வெளியிடங்களில் நிறுத்திப் படம் பிடிப்பது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. அதற்கு வண்ணப்புகைக் குழாய், பறக்கவிடும் பலூன், வாரியிறைக்கும் பிளாஸ்டிக் மினுக்குத்தூள்! பச்சை வயல் என்றால் படம் பிடிப்பவருக்குப் பரமானந்தம். கெப்பாலா என்றால் தலை, பத்தாஸ் என்றால் வரப்பு. ஊரின் பெயரிலேயே வரப்பு இருக்கிறது. பத்துப் பேர் ஏறி மிதித்த வரப்பு இளகும். இளகிய இடத்தில் நீர் கசியும். கசிந்த வயலுக்குச் சொந்தக்காரர் படத்தில் இருக்கமாட்டார். வயலில் விழுந்த மினுக்குத்தூள் அடுத்த போகத்திலும் சேற்றில் மின்னும்.

இதற்குப் பெரிய சட்டம் வேண்டுவதில்லை. வயலுக்குடையவரைக் கேட்டு இறங்குவது, ஒற்றை வரிசையில் நடப்பது, பூ வேண்டுமானால் உண்மைப் பூவைத் தூவுவது, கொண்டு சென்றதைத் திரும்பக் கொண்டு வருவது ஆகியவை வீட்டுப் பெரியவர்களே சொல்லக்கூடியவை. பணம் வாங்கிப் பெரும்படையோடு வரும் கம்பெனியாருக்கு மட்டும் வேறு முறை வேண்டும். அவர்களிடம் முன்பணம் பெற்று வைத்து, ஒரு மழைக்காலம் கழிந்து மண் நின்றதைப் பார்த்தபின் திருப்பித் தரலாம். பார்த்துச் சொல்லும் குழுவில் செபராங் பிறை மாநகர் மன்றத்து உத்தியோகஸ்தர் ஒருவரோடு, அந்த வரப்பை வெட்டிக் கட்டும் விவசாயியும் ஒருவராக உட்காரவேண்டும்.