தொலைநிலைப் பட்டம்: வேலையில் இருப்போருக்கு அதன் மதிப்பு

தொலைநிலைப் பட்டம் என்பது நாள்தோறும் கல்லூரிக்குப் போகாமல், பல்கலைக்கழகம் தரும் பாடநூல்களையும் விடுமுறை நாள் வகுப்புகளையும் கொண்டு படித்துத் தேர்வெழுதிப் பெறும் பட்டம். தமிழ்நாட்டில் முன்பு இதை அஞ்சல்வழிக் கல்வி என்றார்கள்; பேச்சில் இன்றும் ‘கரஸ்’தான். வேலையை விடாமல் படிப்பவருக்கு இப்பட்டத்தால் என்ன பயன் என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் விடை இல்லை. பதவி உயர்வுக் கோப்பில் செல்லுபடியாகும் பட்டம் தனியார் நிறுவன நேர்காணலில் செல்லாமல் போகலாம். அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறோம் என்பதுதான் மதிப்பைத் தீர்மானிக்கிறது.

தொடக்கம்

லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல், எங்கிருந்து படித்தவரும் தன் தேர்வை எழுதலாம் என்று கதவைத் திறந்தது. இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலை 1979-இலும், சென்னை 1981-இலும் இதில் இறங்கின. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் வந்தது.

ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும்

தமிழகத்தில் இக்கல்வியால் கண்கூடான பலன் பெற்றவர்கள் இடைநிலை ஆசிரியர்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் பெற்றுத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தவர், கரஸில் பி.ஏ. அல்லது பி.எஸ்சி. முடித்து, பிறகு பி.எட். படித்துப் பட்டதாரி ஆசிரியராக உயர முடிந்தது. கூடுதல் கல்வித் தகுதிக்கு ஊக்க ஊதிய உயர்வும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை தொடர்பு வகுப்புக்காக விடியற்காலைப் பேருந்தில் மாவட்டத் தலைநகருக்குப் போய் இரவு திரும்பியவர்கள், வீட்டுவேலை முடிந்து எல்லாரும் உறங்கிய பின் பாடநூலைப் பிரித்த ஆசிரியைகள் என ஒரு தலைமுறையே இப்படிப் படித்து மேலே வந்தது. நிதானமாக நடந்த ஒரு சமூக மாற்றமாகவே இதைக் கருத வேண்டும்.

அந்தக் கணக்கு இப்போது மாறிவிட்டது. அரசு ஊழியர்களின் கூடுதல் கல்வித் தகுதிக்கான முன் ஊதிய உயர்வுகளைத் தமிழக அரசு 2020-இல் நிறுத்தியது. ஆக, இன்று தொலைநிலைப் படிப்பில் சேரும் ஓர் அரசு ஊழியர் முதலில் பார்க்க வேண்டியது தன் பணி விதியைத்தான்: அடுத்த பதவிக்கு இந்தப் பட்டம் தகுதியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா? படிப்பில் சேருமுன் துறையின் அனுமதி பெற வேண்டும். பெறாமல் படித்து முடித்துவிட்டுப் ‘பின்னேற்பு’ ஆணைக்காக அலைவது மனத்தை நோகச் செய்யும் வேலை. பட்டம் கையில் வந்த பிறகும் சான்றிதழின் உண்மைத்தன்மை அறிக்கை வரும்வரை கோப்பு நகராது.

செல்லாமல் போன பட்டங்கள்

பட்டம் செல்லாமல் போவதற்குப் பாடத்தின் தரத்தைவிட, படித்த வரிசையும் உரிய அங்கீகாரமின்மையும் அதிகக் காரணமாக இருந்திருக்கின்றன. ஒரு காலத்தில் இளநிலைப் பட்டமே இல்லாமல், வயதை மட்டும் தகுதியாகக் கொண்டு நேரே எம்.ஏ. சேர்க்கும் முறை இருந்தது. தமிழகத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், அப்படிப் பெற்ற முதுகலைப் பட்டம் பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985-ஆம் ஆண்டு விதிகளுக்கு ஒவ்வாதது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் படித்தவர்களையே அரசுப் பணிக்கு ஏற்பது என்பதைத் தமிழக அரசும் அதே ஆண்டில் உறுதி செய்தது. நேர்மையாகப் பணம் கட்டி, தேர்வெழுதி வென்றவர்களுக்கு நேர்ந்த இழப்பு இது. சேர்த்துக்கொண்ட நிறுவனங்கள்தான் முன்கூட்டியே எச்சரித்திருக்க வேண்டும்.

இன்னொரு தீர்ப்பு 2017 நவம்பரில் வந்தது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றி அஞ்சல்வழியில் பொறியியல் பட்டம் வழங்கியிருந்தன. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவர்கள் தனித் தேர்வெழுதித் தேற வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்களை ரத்து செய்தது. அவற்றைக் காட்டிப் பெற்ற பதவி உயர்வும் போகும் என்றது. வழக்கின் வேர், டிப்ளமோவோடு வேலைக்குச் சேர்ந்து, பணியில் இருந்தபடியே பி.டெக். வாங்கிப் பதவி உயர்வு கேட்ட ஒடிசாப் பொறியாளர்களிடம் இருந்தது.

பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம், கட்டடக்கலை ஆகியவற்றைத் தொலைநிலையில் நடத்த அனுமதி இல்லை. உளவியல் உள்ளிட்ட சில நலவாழ்வுத் துறைப் படிப்புகளும் 2025-இல் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. மற்றபடி, மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் அனுமதி பெற்ற படிப்புக்கு வழங்கும் தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது. பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றது என்பது மட்டும் போதாது. குறிப்பிட்ட படிப்புக்கு, சேரும் ஆண்டுக்கு அனுமதி உண்டா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பார்த்துவிட வேண்டும். ஸ்டடி சென்டர்காரர் சொல்லும் உறுதிமொழி பின்னாளில் எந்த அலுவலகத்திலும் துணைக்கு வராது.

தனியார் துறை

சட்டப்படி இணை என்பதால் தனியார் நிறுவனம் தொலைநிலைப் பட்டத்தை ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. புதிதாக ஆள் எடுக்கும் மென்பொருள் நிறுவனங்கள் பல, ‘முழுநேர ரெகுலர் படிப்பு மட்டும்’ என்று அறிவிப்பிலேயே போட்டுவிடுகின்றன. பத்தாண்டு அனுபவம் உள்ளவர் நிலை வேறு. அவரை அவருடைய வேலைத்திறனுக்காகவே எடுக்கிறார்கள். மேலாளர் பதவிக்குப் பட்டம் கட்டாயம் என்ற இடத்தில் அந்தத் தடையைத் தாண்டக் கரஸ் பி.காம். அல்லது எம்.பி.ஏ. உதவும்.

தேர்வு கடுமையாக இருக்கும் படிப்புகளுக்கு மரியாதை தானாக வருகிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பில் பாடம் இணையவழி, தேர்வோ மையத்தில் நேரில். தகுதிச் சுற்றில் தேறினால்தான் உள்ளே போகலாம். இடையில் நிறுத்த நேர்ந்தாலும், முடித்த அளவுக்கேற்பப் பட்டயத்தோடு வெளியேற வழி உண்டு. குடும்பப் பொறுப்பு உள்ளவருக்கு இது பெரிய ஆறுதல்.

நேரம்

கட்டணம் குறைவு என்பதால் இப்படிப்பு மலிவு என்று நினைப்பது பிழை. இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. 64 கிரெடிட் கொண்ட முதுகலைக்கு 1,920 மணி நேரம் ஆகும். இரண்டு ஆண்டில் முடிக்க வாரம் 18 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அதாவது தினமும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல், ஒரு நாளும் விடாமல். அங்கே பெரும்பாலான படிப்புகளில் 30 விழுக்காடு மதிப்பெண் அசைன்மென்டுக்கு. அதை உரிய காலத்தில் கொடுக்கத் தவறியவருக்குத் தேர்வில் தேறினாலும் பட்டம் நின்றுபோகும். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் மட்டுமே. அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் படிப்பு தேங்கினால் ஜூன் தேர்வு கைநழுவும், அரியர் சேரும். இரண்டாண்டுப் படிப்பு நான்காண்டாக நீள்வது இப்படித்தான்.

பட்டம் தேவையில்லை, பாடம் மட்டும் போதும் என்பவர் சேரவே வேண்டியதில்லை. இக்னோவின் பாடநூல்கள் ‘இ-ஞானகோஷ்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்போர் பல ஆண்டுகளாக அவற்றைப் பயன்படுத்தி வருகிறார்கள்.