யார் முதல்ல சுட்டது?

எங்க ஆபீஸ்ல ஒரு நல்ல பழக்கம் உண்டு. ப்ரோக்ராமை எவ்வளவு வேணும்னாலும் மாத்தலாம், ஆனா பழைய வெர்ஷன் பத்திரமா இருக்கணும். இந்தச் சின்ன விஷயத்தை ஜார்ஜ் லூகாஸ் மதிக்காததாலதான் ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் வருஷக்கணக்கா புலம்பறாங்க.

1977-ல வந்த முதல் படத்துல ஒரு மதுக்கடை சீன். ஹான் சோலோ கடன் பாக்கி வெச்ச கடத்தல்காரன். அவனைப் பிடிக்க வந்த கிரீடோ துப்பாக்கியோட எதிர்ல உட்கார்றான். பேச்சு நடக்கும்போதே மேஜைக்கு அடியிலேர்ந்து ஹான் சுட்டுடுவான். ஆள் எப்படிப்பட்ட சுயநலக்காரன்னு புரிஞ்சிடும். இப்படிப்பட்டவன் கடைசியில நண்பனைக் காப்பாத்தத் திரும்பி வர்றதுதானே நமக்கு சிலிர்ப்பு?

1997 ஸ்பெஷல் எடிஷன்ல கிரீடோ முதல்ல சுடறான். அவ்வளவு கிட்டத்துலேர்ந்தும் குறி தப்புது! 2004 டிவிடியில ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல. 2019-ல டிஸ்னி ப்ளஸ்ல வந்தப்போ, சுடறதுக்கு முன்னாடி கிரீடோ 'மக்லங்கி'ன்னு கத்தறான். ஒரு சீனுக்கு எத்தனை பேட்ச் சாமி? :-)

இதுல பெரிய வேடிக்கை ஒண்ணு இருக்கு. கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு கலர் பூசறதை எதிர்த்து 1988-ல அமெரிக்க காங்கிரஸ் முன்னாடி போய்ப் பேசினவர்கள்ல ஒருத்தர் யார் தெரியுமா? இதே லூகாஸ்! பழைய படங்கள் மக்களோட பண்பாட்டுச் சொத்து, காசுக்காக அதைச் சிதைக்கறது காட்டுமிராண்டித்தனம்னு காரசாரமா பேசினார்.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. நினைச்சதை எடுக்க 1977-ல காசும் இல்லை, டெக்னாலஜியும் இல்லை. ஆனா படம் அவர் ஒருத்தரோடதா? கையால மாடல் செஞ்சு படம் பிடிச்சவங்களோட விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு 1978-ல ஆஸ்கர் கிடைச்சது. அதுல பல ஷாட்டுகளை எடுத்துட்டு கம்ப்யூட்டர் காட்சிகளை வெச்சுட்டார். 2006-ல ஒரிஜினல் டிவிடியில வந்தது, ஆனா 1993 லேசர்டிஸ்க் மாஸ்டர்லேர்ந்து எடுத்த மங்கின காப்பி.

வெறுத்துப்போன ரசிகர்கள் தாங்களே களத்துல இறங்கிட்டாங்க. 'டீஸ்பெஷலைஸ்டு எடிஷன்', பழைய 35 எம்எம் பிரிண்டை ஸ்கேன் பண்ணி '4கே77'னு ஆளுக்கொரு முயற்சி. சட்டப்படி தப்புதான். ஆனா காங்கிரஸ்ல லூகாஸ் சொன்ன வேலையைத்தான் இவங்க செஞ்சாங்க.

ஸ்பீல்பெர்க்கைப் பாருங்க. 2002-ல ஈ.டி. படத்துல போலீஸ் கையில இருந்த துப்பாக்கியை வாக்கி டாக்கியா மாத்தினார். தப்புன்னு உணர்ந்து, 2012 ப்ளூரேல 1982 படத்தையே அப்படியே கொடுத்தார்.

2025 ஜூன்ல லண்டன்ல பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் விழாவில 1977 ஸ்டார் வார்ஸோட அசல் பிரிண்டையே திரையிட்டாங்க. நாற்பத்தெட்டு வருஷம் கழிச்சு ஹான் பழையபடி சுட்டான்.

மாத்துங்க சார், யார் வேணாம்னது? பழசை மட்டும் டெலீட் பண்ணாதீங்க. என்ன சொல்றீங்க மக்களே?