இப்னு மர்வானின் பெயர் தாங்கிய ஊர்

போர்த்துகலின் கிழக்கெல்லையில், ஸ்பெயினை நோக்கி நிற்கும் செங்குத்துப் பாறையின் மீது, ஏறத்தாழ 860 மீட்டர் உயரத்தில் மார்வாவ் என்னும் சிற்றூர் உள்ளது. இப்னு மர்வான் என்ற முஸ்லிம் தலைவரின் பெயரே அவ்வூருக்கு அமைந்தது.

அப்துர் ரஹ்மான் இப்னு மர்வான் அல்ஜில்லீகி, மெரிதா நகரைச் சேர்ந்தவர். முவல்லதுகள் எனப்பட்ட, இஸ்லாத்தை ஏற்ற உள்நாட்டுக் குடும்பமொன்றில் பிறந்தவர். 868இல் குர்துபா அமீர் முதலாம் முஹம்மதை எதிர்த்துக் கிளர்ந்தார். அடக்கப்பட்டு குர்துபாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே அமைச்சர் ஹாஷிம் செய்த அவமதிப்பைப் பொறாமல் 875இல் தப்பி, இன்று படாஜோஸ் எனப்படும் பதல்யவ்ஸ் நகரை நிறுவினார். மார்வாவின் பாறை அவருக்கு அரணாயிற்று. பின்னர் சில ஆண்டுகள் கிறித்தவ மன்னர் மூன்றாம் அல்போன்சோவிடமும் தஞ்சம் புகுந்திருந்தார். அந்தலுஸ் வரலாற்றை இரு மதங்களின் போராகவே சொல்லிப் பழகிய நமக்கு இது நெருடலாம். அக்கால எல்லைப்புற அரசியல் அப்படித்தான் இருந்தது.

12ஆம் நூற்றாண்டில் ஊர் போர்த்துகீசியர் கைக்கு மாறியது. 1226இல் இரண்டாம் சாஞ்சு அதற்குச் சாசனம் அளித்தார்.

1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர் பலர் மார்வாவ் வழியாகவே போர்த்துகலுக்குள் நுழைந்தனர். நான்கே ஆண்டுகளில், 1496 டிசம்பரில், மன்னர் மனுவேல் யூதரையும் முஸ்லிம்களையும் நாட்டைவிட்டு வெளியேறப் பணித்தார். யூதர் பெரும்பாலோருக்குக் கட்டாய ஞானஸ்நானமே வாய்த்தது. முஸ்லிம்களோ வெளியேற விடப்பட்டனர். முஸ்லிம் நாடுகளில் வாழ்ந்த கிறித்தவர்மீது பழிவாங்கல் நேரலாம் என்ற அச்சமே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

1640க்குப் பின் ஸ்பெயினுடன் மூண்ட போரில் மார்வாவ் மீண்டும் எல்லைக் காவல் கோட்டையாயிற்று.