பேசுபவரைத் தேர்ந்தெடுப்பவர் யார்? அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளின் பட்டமளிப்பு மேடை, 1871–2024

1871 பிப்ரவரி 3 அன்று வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் சட்டத் துறை தன் முதல் பட்டமளிப்பு விழாவை நடத்தியது. பட்டம் பெற்றவர்கள் பத்துப் பேர். அவர்களுக்கு அறிவுரை சொல்ல மேடையேறியவர் மாசசூசெட்ஸ் மாநிலச் செனட்டர் சார்லஸ் சம்னர்.

சட்டக் கல்லூரிப் பட்டமளிப்பு உரை என்றால் நீதிபதி ஒருவர் வந்து தொழில்நெறி பற்றிப் பேசிவிட்டுப் போவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உரைகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்களும் பெரும்பாலும் அவற்றின் உள்ளடக்கத்தையே பார்த்தார்கள். பேசுபவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாரிடம் இருந்தது, அது எப்படிக் கைமாறியது என்ற கேள்வியை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. உரைகளைவிட அவற்றுக்கு முந்தைய அழைப்பிலேயே இந்த வரலாறு தெளிவாகத் தெரிகிறது என்பது என் துணிபு.

ஹோவர்டின் சட்டத் துறை 1869 ஜனவரியில் ஆறு மாணவர்களுடன் தொடங்கியது. பகலில் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் மாலையில் வந்து படித்தார்கள். துறைத் தலைவர் ஜான் மெர்சர் லாங்ஸ்டன். ஓபர்லின் கல்லூரியில் பட்டம் பெற்ற இவரை, கறுப்பினத்தவர் என்பதற்காகச் சட்டப் பள்ளிகள் சேர்க்க மறுத்தன. பிரெஞ்சுக்காரர் என்றோ ஸ்பானியர் என்றோ சொல்லிக்கொண்டால் சேரலாம் என்று ஒரு பள்ளியில் யோசனைகூடச் சொன்னார்கள். அவர் அதற்கு இணங்கவில்லை. வழக்கறிஞர் ஒருவரிடம் தனியே சட்டம் பயின்று 1854இல் ஓஹையோவில் வழக்கறிஞரானார். எந்த வாசல் தனக்கு அடைக்கப்பட்டதோ, அந்த வாசலை மற்றவர்களுக்குத் திறந்துவிடும் பொறுப்பு பதினைந்து ஆண்டுகளில் அவர் கைக்கு வந்தது.

சம்னரை அழைத்ததை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். 1849இல் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்று ராபர்ட்ஸ் வழக்கில் வாதாடியவர் சம்னர். அவருடன் நின்றவர் ராபர்ட் மோரிஸ், நாட்டின் தொடக்ககாலக் கறுப்பின வழக்கறிஞர்களுள் ஒருவர். அந்த வழக்கு தோற்றது. 1856இல் அடிமை முறையை எதிர்த்துப் பேசியதற்காகச் செனட் அவையிலேயே கைத்தடியால் தாக்கப்பட்டார்; மீண்டும் முறையாக அவைப் பணிக்குத் திரும்ப அவருக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. 1870இல் ரயில், விடுதி, பள்ளி எல்லாவற்றிலும் சம உரிமை கோரும் மசோதாவை அவர் கொண்டுவந்தபோது அதை வரைவதில் லாங்ஸ்டன் துணை நின்றார். ஆகவே பட்டமளிப்பு மேடையில் நின்றவர் எங்கிருந்தோ வந்த அலங்கார விருந்தினர் அல்லர். அந்தப் பத்துப் பேரும் நாளை நடத்தப்போகும் வழக்கை நேற்றே நடத்தித் தோற்றவர்.

அழைக்கப்பட்ட நேரமும் கவனத்துக்குரியது. சாந்தோ தொமிங்கோ நாட்டை அமெரிக்காவுடன் இணைக்கும் திட்டத்தில் அதிபர் கிராண்டுடன் சம்னர் வெளிப்படையாக மோதிக்கொண்டிருந்தார். ஹோவர்டு விழா முடிந்து ஐந்தே வாரங்களில், மார்ச் மாதம், செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைமையிலிருந்து அவரை அவருடைய கட்சியே நீக்கியது. ஹோவர்டோ கூட்டாட்சி அரசின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம். அதிபரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டிருந்தவரை முதல் விழாவுக்கே அழைப்பது சிறிய முடிவு அல்ல. பட்டமளிப்பு மேடை அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று இன்று சொல்பவர்கள் இந்த முதல் மேடையை நினைவில் கொள்வது நல்லது.

சம்னர் 1874இல் இறந்தார். அவர் மசோதா, பள்ளிகள் பற்றிய பகுதி நீக்கப்பட்டு, 1875இல் சட்டமானது. 1883இல் உச்ச நீதிமன்றம் அதன் அடிப்படைப் பிரிவுகளைச் செல்லாதவை ஆக்கியது. 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் பிரிவினையை நியாயப்படுத்திய தீர்ப்பு, சம்னர் தோற்ற ராபர்ட்ஸ் வழக்கையே சான்று காட்டியது. ஆனால் ஹோவர்டின் சட்டத் துறை பிழைத்திருந்தது. 1929இல் சார்லஸ் ஹாமில்டன் ஹியூஸ்டன் பொறுப்பேற்று அதை முழுநேரக் கல்லூரியாக மாற்றினார். 1933இல் அங்கே முதல் மாணவராகத் தேறினார் தர்குட் மார்ஷல். பள்ளிகளில் நிறப் பிரிவினையை எதிர்த்து அவர் வாதாடிய பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் எழப்போகும் கேள்விகளுக்கு ஹோவர்டில்தான் ஒத்திகை பார்க்கப்பட்டது. 1954இல், 105 ஆண்டுகளுக்குப் பின், சம்னரின் வாதம் வென்றது.

இதுவரை அழைப்பு நிறுவனத்தின் கையில். தங்களுக்கு யார் பேச வேண்டும் என்று மாணவர்கள் கேட்கத் தொடங்கியது 1960களின் இறுதியில். இதன் தெளிவான அடையாளம் ஒரு சட்டக் கல்லூரியில் அல்ல, வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியில் கிடைக்கிறது. 1969 மே 31 அன்று அங்கே சிறப்புரை ஆற்றியவர் எட்வர்ட் புரூக். அவரும் மாசசூசெட்ஸ் செனட்டர். ஹோவர்டில் படித்த கறுப்பினத்தவர். மாணவிகள் வற்புறுத்தியதால் அக்கல்லூரி வரலாற்றில் முதன்முறையாக ஒரு மாணவிக்கும் மேடை கிடைத்தது. போராட்டங்களைக் கண்டிக்கும் தொனியில் புரூக் பேசி முடித்ததும், எழுதி வைத்திருந்த உரையைத் தொடுவதற்கு முன், அவருக்கு அங்கேயே பதில் சொன்னார் அந்த மாணவி. அவர் ஹிலாரி ரோடம். அந்த இலையுதிர் காலத்தில் யேல் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார்.

புரூக் மீது எனக்கு மதிப்பு உண்டு. அன்று மேடையில் அவர் தோற்றார் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் விருந்தினர் சொல்வார், பட்டதாரி கேட்பார் என்ற ஏற்பாடு அன்று உடைந்தது.

சட்டக் கல்லூரிகளில் இந்த மாற்றம் இரண்டு வழிகளில் வந்தது. முதலாவதற்கு ஹார்வர்டு எடுத்துக்காட்டு. அங்கே பட்டமளிப்புக்கு முந்தைய நாள் ‘கிளாஸ் டே’ என்னும் வகுப்பு நாள் நடக்கிறது. மாணவர் பிரதிநிதிகளே அதை முன்னின்று நடத்துகிறார்கள். அங்கு வந்தவர்களின் பெயர்கள் அந்தந்த ஆண்டின் கவலைகளைக் காட்டுகின்றன. 2017இல் சாலி யேட்ஸ் வந்தார். அதிபர் டிரம்பின் பயணத் தடை ஆணையை நீதிமன்றத்தில் ஆதரித்து வாதிட மறுத்ததற்காக, அதே ஆண்டு ஜனவரியில் தற்காலிக அரசுத் தலைமை வழக்கறிஞர் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர் அவர். மறு ஆண்டு வந்த ஜெஃப் பிளேக், டிரம்பை எதிர்த்த அவருடைய சொந்தக் கட்சிச் செனட்டர்.

2014ஆம் ஆண்டின் தேர்வு தமிழ் வாசகருக்குத் தனி ஆர்வம் தரும். நியூயார்க்கின் கூட்டாட்சி அரசு வழக்கறிஞர் பிரீத் பராராவுடன் நகைச்சுவை நடிகையும் எழுத்தாளருமான மிண்டி கேலிங்கும் அழைக்கப்பட்டார். அவருடைய இயற்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம், தந்தை தமிழர். சட்டம் படிக்காத ஒருவரை மாணவர்கள் விரும்பி அழைத்திருக்கிறார்கள். அதே மே மாதத்தில் வில்லியம் அண்டு மேரி சட்டக் கல்லூரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி அன்டனின் ஸ்காலியா பேசினார். சட்டப் படிப்பை இரண்டு ஆண்டுகளாகச் சுருக்கலாம் என்ற யோசனையை எதிர்த்து, மூன்றாம் ஆண்டு ஏன் வேண்டும் என்று அந்த மேடையிலேயே வாதாடினார். பழைய முறைக்கும் உயிர் இருக்கிறது என்பதற்கு அந்த உரை போதும்.

இரண்டாவது வழி, பட்டதாரிகளில் ஒருவரையே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது. 1983இல் வகுப்புகளைத் தொடங்கிய நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி, மனிதத் தேவைகளுக்கான சட்டம் என்பதையே தன் குறிக்கோளாக வைத்தது. வறியவர்களுக்காக வாதாடும் வழக்கறிஞர்களை உருவாக்குவது அதன் பெருமை. 2022இலும் 2023இலும் அங்கே சக மாணவர்கள் தேர்ந்தெடுத்த பேச்சாளர்கள் பாலஸ்தீனம் குறித்தும் இஸ்ரேலைக் கண்டித்தும் பேசினார்கள். 2023 விழாவில் நகர மேயர் எரிக் ஆடம்ஸ் பேசியபோது மாணவர்கள் கூச்சலிட்டார்கள். பலர் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். மாணவரின் உரையைப் பல்கலைக்கழக நிர்வாகக் குழு வெறுப்புப் பேச்சு என்று கண்டித்தது. அந்த உரையால் மனம் புண்பட்ட யூத மாணவர்களும் குடும்பங்களும் இருந்தார்கள். அந்த வேதனையைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. 2024இல் மாணவர் உரை கைவிடப்பட்டது. பேச்சுரிமை பறிக்கப்பட்டதாக மாணவர்கள் சிலர் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடினார்கள்.

உரையைக் கண்டிக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். தேர்ந்தெடுக்கும் உரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டது வேறு வகையான செயல். அதை என்னால் ஏற்க முடியவில்லை. எதிர்த்தரப்பு சொல்வதை இறுதிவரை கேட்டுவிட்டுப் பதில் சொல்லத்தான் மூன்று ஆண்டுகள் அந்த மாணவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. 1871இல் சம்னரின் மசோதாவை நாட்டின் பெரும்பகுதி ஏற்கவில்லை. லாங்ஸ்டன் அதைத் தெரிந்துகொண்டுதான் அவரை மேடைக்கு அழைத்தார்.