மருந்து பிறந்த வரலாறும் கை சேர்ந்த வரலாறும்

பூதலூரிலும் அதனைச் சுற்றியுள்ள காவிரிக்கரை ஊர்களிலும், ஜும்ஆவுக்குப் பிறகு நிகழும் உரையாடல்களில் உடல் எடையைக் குறைக்கும் ஊசியும் இப்போது இடம்பெறுகிறது. வளைகுடாவில் இருக்கும் உறவினர் போட்டுக்கொள்கிறாராம்; நமக்கும் ஆகுமா? காப்பீட்டு அட்டையைக் காட்டினால் இலவசமாகக் கிடைக்குமா? அதில் ஹராமான பொருள் ஏதும் கலந்துள்ளதா? இவ்வினாக்களுக்கு விடை காண, இத்தகைய மருந்துகள் எங்கே பிறந்தன, எளியோரின் கைக்கு எவ்வாறு வந்தன என்ற வரலாற்றை நாம் அறிதல் நலம்.

இன்சுலின் காட்டிய வழி

1921இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பான்டிங், பெஸ்ட் ஆகியோரின் ஆய்வால் இன்சுலின் கண்டறியப்பட்டது. 1922 ஜனவரியில், இறக்கும் நிலையிலிருந்த லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. மறு ஆண்டில், கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்திடமே ஒப்படைத்துவிட்டனர். உயிர் காக்கும் மருந்து ஒருவரின் தனியுடைமை ஆகிவிடலாகாது என்பது அவர்களின் எண்ணம்.

அக்கால இன்சுலின் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆகவே முஸ்லிம் குடும்பங்களில் தயக்கம் எழுந்தது. மாற்று இல்லாதபோது உயிரைக் காக்கும் நிர்ப்பந்தத்தைக் கருதி மார்க்க அறிஞர்கள் அதற்கு வழிகாட்டினர். 1982இல் நுண்ணுயிர்களைக் கொண்டு உருவாக்கப்பட்ட மனித இன்சுலினுக்கு அமெரிக்கா அனுமதி அளித்தபின் அந்தத் தயக்கம் பெரும்பாலும் நீங்கியது.

பல்லியிலிருந்து வந்த அறிவு

புதிய ஊசிகளின் கதை 1992இல் தொடங்குகிறது. ‘கிலா மான்ஸ்டர்’ என்னும் அமெரிக்கப் பாலைநிலப் பல்லியின் நஞ்சில், நம் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனை ஒத்த பொருளை ஜான் எங் என்னும் மருத்துவர் கண்டறிந்தார். அதன் செயற்கைப் படி 2005இல் நீரிழிவு மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்னர் வந்த செமாகுளூட்டைடு 2017இல் நீரிழிவுக்கும் 2021இல் உடற்பருமனுக்கும் அங்கு அனுமதிக்கப்பட்டது. இது ஈஸ்ட்டைக் கொண்டு தயாரிக்கப்படுகிறது. இதில் பல்லியும் இல்லை, பன்றியும் இல்லை.

இந்தியாவில் 2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும் (டிர்செபடைடு) ஜூனில் வெகோவியும் (செமாகுளூட்டைடு) விற்பனைக்கு வந்தன. அப்போது மவுன்ஜாரோவின் தொடக்க அளவு ஒரு குப்பி 3,500 ரூபாயாக இருந்தது. வாரம் ஒன்று வேண்டும். அவ்வாண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாட்கூலி 336 ரூபாய். ஒரு வார ஊசிக்குப் பத்து நாள் கூலியும் போதவில்லை.

விலை இறங்கும் வழி

இத்தகைய விலைகள் முன்னரும் இறங்கியுள்ளன. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கன்றித் தயாரிப்பு முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது. அச்சட்டத்துக்காகக் குரல் கொடுத்தோருள் குவாஜா அப்துல் ஹமீது 1935இல் நிறுவிய சிப்லாவைச் சேர்ந்த அவருடைய மகன் யூசுஃப் ஹமீதும் ஒருவர். ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற எய்ட்ஸ் கூட்டு மருந்தை 2001இல் 350 டாலருக்குத் தர அவர் முன்வந்தார். 2005இல் மருந்துப் பொருட்களுக்கான காப்புரிமை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் செமாகுளூட்டைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரை மட்டுமே என்பதால், உள்நாட்டு நிறுவனங்கள் அதனைக் குறைந்த விலையில் தயாரிக்கும் வழி திறக்கிறது.

காப்பீடு எதைத் தரும்?

தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் தொடங்கப்பட்டன. இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கென அமைந்தது. வாராவாரம் வீட்டில் போட்டுக்கொள்ளும் ஊசிக்கானது அன்று. தனியார் காப்பீட்டிலும் பொதுவாக இதே நிலைதான். 2019இல் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிகளின்படி, உடல் நிறைக் குறியீடு 40ஐ எட்டியவர்க்கும், 35ஐ எட்டிக் கடும் நோய் உள்ளவர்க்கும் எடைகுறைப்பு அறுவை சிகிச்சைக்கு இடமுண்டு. நோய் முற்றியபின் கத்திக்குப் பணம் உண்டு. முற்றாமல் தடுக்கும் ஊசிக்கு இல்லை.

பூதலூர் மக்களுக்கு உறுதியாகக் கிட்டுவன வேறு சில உள்ளன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாகச் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகத் தரப்படுகிறது. நிபுணரின் ஆலோசனைக்கு 1959இல் தொடங்கிய தஞ்சை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது. இவற்றை முறையாகப் பெறாமல் ஊசிக்காகக் கடன் வாங்குவது அறிவுடைமை ஆகாது. மேலும், ஊசியை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பியதாகச் செமாகுளூட்டைடு ஆய்வு காட்டியுள்ளது. குமட்டலும் வாந்தியும் வரக்கூடும். ரமளானில் நோன்பு நோற்போர் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடரலாகாது.

நம்மேல் உள்ள பொறுப்பு

1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மன்சூரி மருத்துவமனை வக்ஃபு வருவாயில் இயங்கியது. செல்வர், வறியவர் என்ற வேறுபாடின்றி அங்கே சிகிச்சை அளிக்கப்பட்டது. மருந்து கண்டறியப்பட்டால் மட்டும் போதாது, அதை எட்டச் செய்பவரும் வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

அரசும் காப்பீடும் விட்டுவைக்கும் இடைவெளியில் நம் ஜமாஅத்துகளின் பைத்துல்மால் நிற்க வேண்டும். அழகுக்காக எடை குறைக்க விரும்புவோருக்கன்று. உடற்பருமனால் சர்க்கரையும் இதயமும் கெட்டு, மருத்துவர் இம்மருந்தை இன்றியமையாதது எனக் கருதும் ஏழைகளுக்கே அந்த உதவி உரியது. அதற்கும் முன்னதாக, ஆண்டுக்கொரு முறை பள்ளிவாசல் வளாகத்தில் சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்தலாம். அதற்கு ஆகும் செலவு சிறிது. வயிறு நிரம்ப உண்ணாதிருக்க நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழிக்கோ செலவே இல்லை.

நோயையும் அதற்கான மருந்தையும் படைத்த அல்லாஹ், அம்மருந்து எளியோரையும் எட்ட உழைக்கும் நற்பேற்றை நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.