இறுக்கிய இடையும் தளர்ந்த முதுகும்

உடை வடிவமைப்பாளர்கள் கிறிஸ்தோபல் பலென்சியாகாவும் கிறிஸ்டியன் டியோரும் பிறந்த தேதி ஒன்றுதான்: ஜனவரி 21. முன்னவர் 1895, பின்னவர் 1905. பாரிஸில் தங்கள் பெயரில் முதல் உடைத் தொகுப்பைக் காட்டியபோது இருவருக்குமே வயது 42. பலென்சியாகா 1937 ஆகஸ்டில் காட்டினார், டியோர் 1947 பிப்ரவரியில். ஜோதிடரைக் கேட்காமல் எந்த முக்கிய முடிவும் எடுக்காத டியோருக்கு இந்தப் பொருத்தம் நிச்சயம் பிடித்திருக்கும். ஆனால் பொருத்தம் இதோடு சரி. உடையை இருவரும் அணுகிய விதத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஃபேஷன் வரலாற்று நூல்களில் 1947ஆம் ஆண்டு டியோருக்குப் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதில் நியாயம் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு பெண்களின் உடம்பில் உண்மையாகவே தங்கிவிட்ட உடை பலென்சியாகா காட்டிய வழியில் வந்தது என்பது என் எண்ணம். டியோர் விட்டுச் சென்றது வேறொன்று. அதுவும் சாதாரணமானதல்ல.

பலென்சியாகா பிறந்தது ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரையில் உள்ள கெதாரியா என்ற மீனவ ஊர். தந்தை கடலோடி, மகன் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். தாய் மார்தீனா ஊராருக்குத் துணி தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். கோடைக்கு அங்கே வந்து தங்கும் காசா தோர்ரேஸ் சீமாட்டிக்கும் அவர்தான் தைத்தார். அந்தச் சீமாட்டியின் பாரிஸ் உடை ஒன்றைப் பார்த்து, அதேபோல ஒன்றைச் செய்து காட்டுகிறேன் என்று பையன் கேட்டான், செய்தும் காட்டினான் என்பது அவர் வாழ்க்கையைச் சொல்லும் எல்லோரும் சொல்லும் கதை. பின்னர் சான் செபாஸ்தியன் நகரத்தின் தையலகங்களில் வேலை கற்றார். 1917இல் அங்கேயே சொந்தக் கடை. மத்ரித்திலும் பார்சலோனாவிலும் கிளைகள். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வந்திராவிட்டால் அவர் பாரிஸுக்குக் குடிபெயர்ந்திருப்பாரா என்பதே சந்தேகம். பாரிஸின் ஐந்தாம் ஜார்ஜ் அவென்யூ, எண் 10இல் அவர் கதவைத் திறந்தபோது இருபது ஆண்டுத் தொழில் அவர் கையில் இருந்தது.

டியோரின் வீட்டில் ஊசிநூல் வேலைக்காரர் கையில் இருந்திருக்கும். நார்மண்டியின் கிரான்வில் ஊரில் உரத் தொழிற்சாலை நடத்திய செல்வக் குடும்பம். கடலைப் பார்த்த மாளிகை, தாய் மதலேன் ஆசையாக வளர்த்த தோட்டம். மகன் தூதரக அதிகாரியாக வேண்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். அவரோ நண்பரோடு சேர்ந்து ஓவியக் கூடம் திறந்தார். 1931இல் தாய் இறந்தார், தந்தையின் தொழில் திவாலானது, ஓவியக் கூடமும் போயிற்று, காசநோய் வந்தது. முப்பது வயதில் தொப்பிக்கும் உடைக்கும் படம் வரைந்து கடை கடையாக விற்கத் தொடங்கினார். 1938இல் ரோபேர் பிகே என்ற வடிவமைப்பாளரிடம் வேலை. போர்க்காலத்தில் லூசியன் லெலோங்கிடம். பருத்தித் துணி முதலாளி மார்செல் பூசாக் பணம் போட முன்வந்தபோதுதான் பாரிஸின் அவென்யூ மோந்தேன், எண் 30இல் அவருடைய நிறுவனம் உருவானது.

ஒருவர் உடையை அதன் உள்பக்கத்திலிருந்து கற்றவர். மற்றவர் அதைத் தூரத்தில் நின்று, அசையும் ஓர் உருவமாகப் பார்த்து வளர்ந்தவர். இந்த வேறுபாடு அவர்களுடைய வேலை அறைகளில் அப்படியே தெரிந்தது.

டியோர் ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் கிராமத்து வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே நூற்றுக்கணக்கில் சிறுசிறு படங்கள் வரைவார். பாரிஸ் திரும்பியதும் அவை தையலறைகளுக்குப் பங்கிடப்படும். தலைமைத் தையல்காரர்கள் படத்தைப் பார்த்து வெள்ளைத் துணியில் மாதிரி தைத்து வருவார்கள். மார்கரித் கரே என்ற அம்மையார் படத்துக்கும் தையலறைக்கும் நடுவில் நின்று டியோரின் மனத்தைத் துணியாக மாற்றித் தந்தார். டியோர் வெள்ளை மேலங்கி அணிந்து, நாற்காலியில் அமர்ந்து, ஒரு பிரம்பால் சுட்டிக்காட்டுவார்: இங்கே ஏற்று, அங்கே பிடி. துணியைத் தொடாமலேயே தொகுப்பு முழுவதையும் நடத்திச் செல்லும் ஆற்றல் அவருக்கு இருந்தது.

பலென்சியாகாவின் கையில் குண்டூசி. முதலில் துணி, அதன் பிறகுதான் வடிவம். வெட்டுவது, தைப்பது, உடம்பில் வைத்துத் திருத்துவது எல்லாம் அவருக்குத் தெரியும். இரண்டு கையாலும் தைப்பார். அளவு பார்க்கும் அறையில் பேச்சே இருக்காது. தையற்கலைஞர் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ளவர் அவர் ஒருவரே, மற்றவர்கள் படம் போடுகிறவர்கள் என்பது கோகோ ஷனேலின் கருத்து. யாரையும் எளிதில் புகழாத ஷனேல் சொன்னதால் இதற்கு எடை கூடுகிறது.

1947 பிப்ரவரி 12 அன்று டியோர் காட்டிய ‘பார்’ உடையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். சந்தன வெள்ளைப் பட்டில் ஒரு ஜாக்கெட், கீழே கறுப்புக் கம்பளியில் கெண்டைக்கால்வரை இறங்கும் மடிப்புப் பாவாடை. ஜாக்கெட் இடையில் இறுகி, அதற்குக் கீழே இடுப்பின்மேல் விரிந்து நிற்கிறது. துணி தானாக அப்படி நிற்காது. இடுப்புப் பகுதிக்குள் திண்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே இடைக்கச்சை, பாவாடைக்கு உள்பாவாடை. போரில் ரேஷன் துணியும் அகலத் தோளும் பார்த்துச் சலித்த கண்களுக்கு இது கொண்டாட்டம். ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ ஆசிரியர் கார்மெல் ஸ்னோ இதை ‘நியூ லுக்’ என்று அழைத்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. எதிர்ப்பும் கிளம்பியது. பாரிஸின் லெபிக் தெருச் சந்தையில் புகைப்படத்துக்காக இந்த உடையில் நின்ற பெண்களின் ஆடையைக் கடைப்பெண்கள் பிடித்துக் கிழித்தார்கள். குழந்தைக்குப் பாலுக்கே வழியில்லாத நேரத்தில் ஒரு பாவாடைக்கு இத்தனை கெஜம் துணியா என்ற கோபத்தை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அந்தப் பாவாடைக்கு ஏங்கியவர்களையும் குறை சொல்ல முடியவில்லை.

பலென்சியாகாவுக்கு இப்படி ஒரு நாள் கிடையாது. அவருடைய மாற்றங்கள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. 1951இல் முன்பக்கம் உடம்போடு ஒட்டி, முதுகுப் பக்கம் தளர்ந்து விழும் சூட் வந்தது. 1955இல் இடையே இல்லாத நேர் டியூனிக். 1957இல் சாக்கு உடை. கேலிக்காக வைத்த பெயரே நிலைத்துவிட்டது. ஒவ்வொன்றிலும் துணி உடம்பைவிட்டு ஒரு விரற்கடை கூடுதலாக விலகியது. கழுத்துப்பட்டி பிடரியை ஒட்டாமல் எழுந்து நின்றது. உடைக் கைகள் மணிக்கட்டுக்கு மேலேயே முடிந்தன. வயிறு சற்றுப் பெருத்தவர்களும் கூன் விழத் தொடங்கியவர்களும் அவரிடம் நம்பிக்கையோடு வந்தார்கள் என்றால், காரணம் இந்தத் தளர்ச்சிதான்.

அவருடைய தீராத வேட்கை உடைக்குக் கை ஏற்றுவது. தைக்கத் தெரிந்தவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். கைக்குழியில் கையைச் சரியாக ஏற்றாவிட்டால், கையைத் தூக்கும்போது சட்டை முழுக்கக் கூடவே எழும்பும். அக்குளில் சுருக்கம் விழும். கையைத் தூக்கினாலும் ஜாக்கெட் இருந்த இடத்தில் இருக்கவேண்டும் என்பது பலென்சியாகாவின் பிடிவாதம். அதற்காகக் கையையும் மார்புத் துண்டையும் ஒரே துணியில் வெட்டிப் பார்த்தார், அக்குளில் சிறு துண்டு வைத்துப் பார்த்தார். தைத்து முடிந்த உடையின் கையைப் பிய்த்தெடுத்து மறுபடி ஏற்றுவார். தெரிந்தவர்கள் அணிந்திருந்ததைக்கூட விடமாட்டார். இந்த உழைப்பு புகைப்படத்தில் விழாது. அணிந்தவருக்கு மட்டுமே தெரியும்.

ஆனால் பலென்சியாகாவை விடுதலையின் திருவுருவாக்கிவிடவும் கூடாது. 2017இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவருடைய உடைகளை எக்ஸ்ரே எடுத்துக் காட்டியது. காற்றில் மிதப்பதுபோலத் தெரிந்த மாலை உடைகளுக்குள் எலும்புக் கம்பிகளும் எடைக்கட்டிகளும் இருந்தன. உள்கட்டு அவரிடமும் உண்டு, வெளியே தெரியவிடவில்லை, அவ்வளவுதான். பின்னாளில் சூரிச்சின் ஆப்ரகாம் நிறுவனத்தோடு சேர்ந்து ‘கசார்’ என்ற விறைப்பான பட்டை உருவாக்கினார். 1967இல் அதில் செய்த மணப்பெண் உடை, மிகச் சில தையல்களில், உள்பாவாடை எதுவும் இல்லாமல் கூம்பாக நிற்கிறது. டியோர் திண்டையும் கச்சையையும் வைத்துச் செய்ததைப் பலென்சியாகா துணியின் நெசவையே செய்யவைத்தார்.

வியாபாரத்தில் டியோர் வெகுதூரம் முன்னால் நின்றார். பருவத்துக்கொரு ‘கோடு’, அதாவது உருவ அமைப்பு, அறிவித்தார்: எச், ஏ, ஒய். பத்திரிகைகளுக்குத் தலைப்பு தேட வேண்டிய வேலையே இல்லை. காலுறைக்குத் தன் பெயரைத் தரச் சொல்லி ஓர் அமெரிக்க நிறுவனம் மொத்தத் தொகை தர முன்வந்தபோது, விற்பனையில் பங்கு கேட்டார். இன்றைய சொகுசுப் பொருள் உலகமே அந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது. பலென்சியாகா பேட்டி கொடுக்கமாட்டார், காட்சி முடிந்து மேடைக்கு வரமாட்டார். 1956இல் அவரும் சக வடிவமைப்பாளர் ஜிவான்ஷியும், வாங்குகிறவர்கள் பார்த்து நான்கு வாரம் கழித்துத்தான் பத்திரிகைக்காரர்களுக்கு அனுமதி என்று அறிவித்தார்கள். ஆனாலும் அவர் வணிகத்தை வெறுத்த துறவி என்பது மிகை. டியோரின் ‘மிஸ் டியோர்’ வந்த அதே 1947இல் அவரும் ‘லெ தீஸ்’ என்ற வாசனைத் திரவியத்தை விற்றார்.

போட்டி இருந்தும் இருவருக்குள்ளும் பகை இல்லை. 1948இல் துணைவர் விளாஜியோ தாத்தென்வில் இறந்தபோது பலென்சியாகா கடையை மூடிவிட நினைத்தார். வேண்டாம் என்று கெஞ்சியவர்களில் டியோரும் ஒருவர் என்று சொல்கிறார்கள். நம்பத் தோன்றுகிறது.

டியோர் 1957 அக்டோபரில் இத்தாலியில் மாரடைப்பால் இறந்தார். சொந்த நிறுவனத்தில் அவர் வாழ்ந்தது பதினோரு ஆண்டுகூட இல்லை. அவர் நாற்காலியில் 21 வயது ஈவ் சேன் லோரான் அமர்ந்தார், நிறுவனம் நின்றுவிடவில்லை. ஆள் போனாலும் பெயர் வேலை செய்யும்படி ஏற்பாடு செய்திருந்தார் டியோர். அது அவருடைய எந்த உடையைவிடவும் நீடித்த படைப்பு.

பலென்சியாகா 1968இல் திடீரென்று கடையை மூடினார். ஆயத்த ஆடை காலத்தின் கட்டாயம் ஆகிவிட்டது, தன் தொழில் அதற்கானதல்ல என்று முடிவெடுத்தார். வேலையாட்களுக்கு அது பேரிடி. 1972இல் இறந்தார். பிற்பாடு அவர் பெயர் கைமாறி, இன்று ஸ்னீக்கரிலும் டி-சர்ட்டிலும் ஏறியிருப்பது எனக்கு வருத்தமே. வாரிசு என்று யாரையும் நியமிக்காதவரிடம் வேலை கற்றவர்கள் இருந்தார்கள். கட்டுமானப் பொறியியல் படித்த ஆந்த்ரே குரேஜ் 1950 முதல் பத்தாண்டுக்கு மேல் அவருடைய தையலறையில் இருந்தார். 1964இல் அந்த மாணவர் காட்டிய குட்டை வெள்ளை உடைகளும் கால்சட்டைகளும் இளம் பெண்களை ஓடவும் ஏறவும் குதிக்கவும் விட்டன. அவற்றில் இடையை இறுக்கும் கச்சை இல்லை, கை சரியாக ஏற்றப்பட்டிருந்தது.