குளோபஸ்: முன்னே போய்த் திரும்பிய கதை

கிரிட் கம்ப்யூட்டிங் என்றாலே குளோபஸ் டூல்கிட் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. இயன் ஃபாஸ்டர், கார்ல் கெசல்மன் குழுவினரின் மிடில்வேர் அது. வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளுக்கு ஒரே அடையாளத்தோடு வேலை அனுப்பலாம். அனுப்பும் பாகத்துக்குப் பெயர் கிராம்.

2-ஆம் பதிப்பு பல இடங்களில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அப்போது எங்கு பார்த்தாலும் வெப் சர்வீஸ் பேச்சுதான். 2003-இல் வந்த 3-ஆம் பதிப்பை ஓஜிஎஸ்ஐ என்ற புதுத் தரத்தின்மேல் கட்டினார்கள். 2004 ஜனவரியிலேயே அதற்கு மாற்றாக டபிள்யூஎஸ்ஆர்எஃப் அறிவிக்கப்பட்டது. 2005-இல் அதை வைத்து 4-ஆம் பதிப்பு. அதாவது, 3-க்கு மாறினவங்க மறுபடியும் மாறணும்!

செர்ன் துகள் மோதுவிக்கான கிரிட்டோ, 2-ஆம் பதிப்பு வழிவந்த பாகங்களையே நம்பியிருந்தது. சோதனைத் தரவு வரப்போகும் நேரத்தில் அஸ்திவாரத்தை யார் மாத்துவாங்க? கடைசியில் 5-ஆம் பதிப்பில் வெப் சர்வீஸ் கிராமைக் கழற்றிவிட்டு, பழைய கிராம்2-ஐயே செப்பனிட்டு கிராம்5 ஆக்கினார்கள்.

புதுத் தரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த ரிலீஸில் என்ன சேர்க்கலாம் என்று உட்காரும்போது, பழையதை விடாதவர்கள் ஏன் விடவில்லை என்றும் கேட்கணும். குளோபஸில் அந்தக் கேள்விக்கான பதில்தான் கடைசியில் ரிலீஸ் ஆனது.